அரைக் கட்டை இறங்கிய சத்தம்

"மறுபடியும் வருதுங்க, அந்த ம்ம்ம்" என்றார் ஒலிப்பதிவுக்காரர், ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு.

பாட்டு பாதியில் நின்றது. சத்தமும் நின்றது. அதுதான் கொடுமை. பாட்டு இருந்தால் அதுவும் இருக்கிறது. தேடிப் பிடிக்கலாம் என்று பாட்டை நிறுத்தினால் ஒளிந்துகொள்கிறது.

வீட்டின் முன்னறைதான் ஒத்திகை அறை. நடுவில் பாடுகிறவள், தச்சரின் மனைவி. ஒரு பக்கம் கிட்டாரோடு அவள் தம்பி. இன்னொரு பக்கம் மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, அந்தப் பெட்டியையே தட்டித் தாளம் போடும் வேன் டிரைவர். பெட்டி தச்சர் செய்தது. பாடுகிறவள் உட்காரும் குட்டி மேடையும் அவர் வேலைதான்: ஒரு பலகை, கீழே நாலு கட்டை. அதற்கு மேல் அவர் சங்கீதத்தில் கை வைத்ததில்லை. ஒலிப்பதிவுக்காரரின் முதுகுக்குப் பின்னால், கதவோரம் உட்கார்ந்து கேட்பதோடு சரி.

குழுப் பாட்டுத் தேர்வுக்காக, மதியம் ஒரு மணிக்குள் பாட்டு வானொலி நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வெட்டு ஒட்டு கூடாது, எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் பாடி வாசித்ததாக இருக்க வேண்டும். ஒட்டுப் போடாத பலகையின் அருமை தச்சருக்குத் தெரியும். போன இரண்டு வருடமும், தச்சர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஸ்டூடியோவுக்குப் போய்ப் பதிந்து அனுப்பினார்கள். இரண்டு தடவையும் ஒரே பதில்: குரல் நன்று, சுருதி நிலைக்கவில்லை.

"இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா, அதோட பாட்டுக்கு ஒரு கும்பிடு" என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவள் பாட்டு நின்றால் தச்சருக்கு ஆகாது. நாள் முழுக்க இழைப்புளி தள்ளி, தோள்பட்டை கழன்று வந்து உட்காரும்போது, அந்தக் குரல் எழுந்தால்தான் அவருக்கு உடம்பு உடம்பாகத் திரும்பி வரும். அதற்கு ஈடாக எந்தத் தைலத்தையும் அவர் கண்டதில்லை. இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சத்தத்தை ஒழிப்பதே அவர் வேலை.

"ஃபேனா இருக்கும்" என்று அணைத்தார்.

அறை கொதித்தது. வியர்வையில் மச்சினனின் விரல் கம்பியில் வழுக்கியது. சத்தம் போகவில்லை.

"கடிகாரம்" என்று அதைக் கழற்றி, சாக்கில் சுற்றி, கொல்லைப்புறம் வைத்துவிட்டு வந்தார்.

"கடிகாரம் டிக் டிக்னுதானே மாமா சொல்லும்? ம்ம்ம்னா சொல்லும்?"

"வயசான கடிகாரம் மாப்ளே. முனகும்."

தெருச் சத்தமாக இருக்கலாம் என்று பரணிலிருந்த மெத்தையை இறக்கி ஜன்னலில் சாத்தினார். இரண்டாவது சரணம் தேன் மாதிரி போய்க்கொண்டிருந்தபோது, மெத்தைத் தூசியில் டிரைவர் தும்மினார். ஒரு தும்மல் இல்லை, ஏழு. அதுவும் தாளத்தில்.

"இதையும் சேத்துக்கலாமா?" என்று கேட்டார் டிரைவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மனைவிக்குத் தொண்டை வறண்டது. "மேல போறப்ப இழுக்குது. அரைக் கட்டை குறைச்சா சரியா வரும்" என்றாள் தம்பியிடம்.

தச்சர் காதில் அது விழுந்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மேடையைக் கவிழ்த்துப் போட்டு, ரம்பத்தை எடுத்து, கட்டைகளைப் பாதியாக அறுத்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"நீதானே அரைக் கட்டை குறைக்கச் சொன்ன?"

"நான் சுருதியச் சொன்னேங்க. சுருதிக்கு அளவு கட்டை."

"அளவுன்னா அடி, அங்குலம்னு சொல்லணும்" என்றார் தச்சர். அவசரத்தில் மூன்று கட்டையைத்தான் அறுத்திருந்தார். உட்கார்ந்தால் மேடை ஆடியது, டக், டக். கடைசியில் அவள் தரையில் உட்கார்ந்தாள். மைக் தலைக்கு மேலே போய்விட்டது. அதை இறக்கினார்கள். கிட்டார்க் கம்பிகளையும் அரைக் கட்டை இறக்கினார்கள். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

"மணி என்னாச்சு?" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

எல்லோரும் வெறும் சுவரைப் பார்த்தார்கள்.

"இது கரண்ட்டுல வர்ற சத்தம். மெயினையே அணைங்க. என் பெட்டி பேட்டரியில ஓடும். அப்படியே பக்கத்து வீட்டுத் தையல் மெஷினையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

தச்சர் மெயினை இறக்கிவிட்டு வெளியே ஓடினார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கெஞ்சினார். பிறகு தெருவிலேயே நின்று, ஹாரன் அடிக்கப் பார்த்த ஒரு ஸ்கூட்டரைக் கும்பிட்டு அனுப்பினார்.

அவர் திரும்பி வருவதற்குள் உள்ளே ஒரு தடவை பாடி முடித்திருந்தார்கள். ஒலிப்பதிவுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். "சத்தம் துடைச்சு விட்ட மாதிரி போயிடுச்சு."

மனைவி சிரிக்கவில்லை. "சுருதியும் போயிடுச்சு. எங்க நிக்கிறேன்னே தெரியல. அந்த ஸ்டூடியோவுல ஆன மாதிரியே."

"புழுக்கம்க்கா" என்றான் தம்பி. "ஃபேனப் போடு. சத்தம் வந்தா வரட்டும்."

மெயினை ஏற்றினார்கள். தச்சர் கதவோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கடைசித் தடவை.

அவள் பாடினாள். மரத்தின் ரேகை போகிற பக்கமே உளி போகிற மாதிரி போயிற்று. ஒரு சிராய் இல்லை. டிரைவர் கை பெட்டியைத் தட்டியதா தடவியதா என்று தெரியவில்லை.

"இந்த மாதிரி நான் பதிஞ்சதே இல்ல" என்றார் ஒலிப்பதிவுக்காரர் மெதுவாக. "ஆனா அது வந்திருக்கு."

போட்டுக் காட்டினார். குரலுக்கு அடியில், விடாமல், ம்ம்ம்.

மச்சினன் கம்பியை மீட்டிப் பார்த்தான். மறுபடியும் மீட்டினான். "காலையில நம்ம பழைய சுருதியில இருந்துச்சு. நாம அரைக் கட்டை இறங்கினோம்ல? இதுவும் இறங்கியிருக்கு."

"கரண்ட்டுக்குச் சங்கீத ஞானமா?" என்றார் டிரைவர், பெட்டியை விட்டு எழுந்து நின்று.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மனைவி முடிவெடுத்தாள். "சத்தத்தோடயே அனுப்புங்க. இதுலதான் நான் பாடியிருக்கேன்."

ஒலிப்பதிவுக்காரர் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். "குழுவுல மொத்தம் மூணு பேர், சரிதானே?"

மெஷினை ஓட்டலாமா என்று கேட்க வந்து வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மூணு பேரா? தினமும் இவ பாடுறப்ப கூடவே ம்ம்ம்னு சுருதி பிடிக்கிற உங்க வீட்டுக்காரர ஏம்மா விட்டுட்டீங்க?"