நாற்பத்து மூன்று மனுக்களுக்கும் ஒரே முதல் பக்கம்

அன்பும் மரியாதையும் மிக்க மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொண்டது. இங்கே அம்மாவும் நானும் சுகம். மின்விசிறியும் சுகம்தான்; மின் கட்டணத்துக்குப் பயந்து ஒன்றாம் எண்ணிலேயே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீங்களும் அத்தையும், முக்கியமாக உங்கள் மீசையும், நலமா?

மீசையை விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை நகலெடுக்கும் கடையில் சேர்த்துவிட்டீர்களே, அன்றைக்குக் கடைக்காரரிடம் என்ன சொன்னீர்கள்? "கையெழுத்து முத்து முத்தா இருக்கும். பேச்சு மட்டும் எதிர்பார்க்காதீங்க. இவ நாலு பேர் முன்னாடி வாயத் திறந்துட்டா நான் மீசைய எடுத்துடறேன்." இயந்திரத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாமா, சவரக் கத்தியை எடுத்து வையுங்கள்.

மின் கட்டணத்தை ஏற்றலாமா, தெருவில் போலீஸ் ரோந்தைக் கூட்டலாமா, குறைந்தபட்சக் கூலியை உயர்த்தலாமா என்று மாநில அரசு மக்களிடம் கருத்துக் கேட்கப் போவதாகப் போன மாதம் அறிவிப்பு வந்தது. எழுத்தில் மனு கொடுக்க வேண்டும்; பிறகு மண்டபத்தில் நேரடி விசாரணை. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால்கூட இரண்டு கட்சியாகப் பிரியும் எங்கள் தெரு, மொத்தமாக எங்கள் கடைக்கு வந்துவிட்டது. நான் எதிர்க்கேள்வி கேட்கமாட்டேன் என்பதால் எல்லோருக்கும் என்னிடம் கொட்டுவதில் அப்படி ஒரு குஷி.

முதலில் வந்தவர் அம்மா வேலை பார்க்கும் தையல்கூடத்தின் முதலாளி. தரையில் விழுந்த பட்டனைக்கூட விடாமல் பொறுக்குவதால் அவருக்கு பட்டன் முதலாளி என்று பெயர். "எழுது பாப்பா. கூலிய ஏத்தவே கூடாது. கரண்ட் பில்லு கழுத்த நெரிக்குது. பில்லு மட்டும் ஏறாம நிக்கட்டும், மறுநாளே நானா கூலி ஏத்தித் தர்றேன். நான் என்ன மனுசன் இல்லையா?" என்றார். அப்படியே எழுதினேன். 'மனிதன் இல்லையா' என்பதையும் சேர்த்துத்தான். கடை வழக்கப்படி ஒரு நகலும் எடுத்து வைத்தேன். அம்மாவுக்கு அவர் கடைசியாகக் கூலி ஏற்றியபோது நான் ஐந்தாம் வகுப்பு. அன்று மாலை அம்மாவும் மனு எழுதச் சொன்னார். "கூலிய ஏத்தியே ஆகணும்னு போடுடி. கரண்ட் பில்லு கழுத்த நெரிக்குது." கழுத்து வேறு, நெரிப்பது ஒன்றுதான்.

அப்புறம் சலவைக்கடைக்காரர். கொடியில் காய்ந்த இரண்டு சட்டைகள் காணாமல் போனதிலிருந்து, தெருவின் இரண்டு முனையிலும் போலீஸ் நிற்க வேண்டும் என்கிறார். அவருக்குப் பின்னாலேயே லிஃப்ட் மெக்கானிக். ஒரு போலீஸும் வேண்டாம் என்கிறார். "தினம் வேலை முடிஞ்சு வர்றப்ப பெட்டியத் திற, பெட்டியத் திறன்னா? ஸ்பேனர வச்சு நான் என்ன கோட்டையவா பிடிக்கப் போறேன்?" "உன் பெட்டியில என் சட்டை இருக்கான்னு பார்க்க வேண்டாமா?" "உன் சட்டை எனக்குத் தோள்ல ஏறுமாய்யா?" இவ்வளவும் என் தலைக்கு மேலே நடந்தது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். இதில் பெட்டியைத் திறக்கச் சொல்லும் அதே ரோந்துக் காவலரும் வரிசையில் வந்து நின்றார். காவலர் குடியிருப்பில் கரண்ட் பில் தாங்கவில்லையாம்.

பன்னிரண்டாவது மனுவில் என் விரல் மரத்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன். யார் எதற்குச் சண்டை போட்டாலும் முதல் பத்தி ஒன்றேதான்: 'மின் கட்டணம் இதற்கு மேல் ஏறினால் எங்களால் தாங்க முடியாது.' அதை ஒரு முழுப் பக்கமாக ஒரே ஒருமுறை எழுதி, நகலெடுத்து, முன்பே எழுதியவற்றுக்கும் சேர்த்து முதல் பக்கமாக வைத்தேன். அவரவர் சண்டையை மட்டும் இரண்டாம் பக்கத்தில் எழுதிச் சேர்த்துப் பின் அடித்தேன். தந்திரமெல்லாம் இல்லை மாமா, விரல் வலி.

விசாரணை நாளன்று மண்டபம் நிறைந்துவிட்டது. அதிகாரியம்மா மனுக்களைப் புரட்டினார், நிறுத்தினார், மறுபடி புரட்டினார். "என்ன இது, நாற்பத்து மூணும் ஒரே மனு? கூட்டு மனுன்னா ஒருத்தர்தான் பேசணும். எழுதினது யாரு?" நாற்பத்து மூன்று விரல்கள் என்னைக் காட்டின. மூன்றாம் வரிசையிலிருந்த அம்மா கைப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஒலிவாங்கி என் நெற்றிக்கு நேரே இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் ஓடி வந்து இறக்கிவிட்டார். முன்வரிசையில் இருந்த பட்டன் முதலாளி பக்கத்து ஆளிடம், "இவளா? இவ தும்மினாக்கூட சத்தம் வராது" என்றார். ஒலிவாங்கி அதையும் ஊருக்கே சொல்லிவிட்டது. பின்னால் சட்டையும் ஸ்பேனரும் மறுபடி மோதத் தொடங்கின.

"என்னம்மா, இவங்க எதுலயாவது ஒத்துப் போறாங்களா?" என்று அதிகாரியம்மா சலிப்போடு மனுக்கட்டை மூடப் போனார். மூடியிருந்தால் அம்மாவின் கூலியும் அதற்குள்ளேயே போயிருக்கும். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் திறந்தேன் மாமா!

"முதல் பக்கத்த மட்டும் பாருங்கம்மா. அதுல நாங்க நாற்பத்து மூணு பேரும் ஒண்ணு. ரெண்டாம் பக்கம் எங்க சண்டை. அத நாங்க தெருவுல போய்ப் போட்டுக்கறோம்."

மண்டபமே சிரித்தது. கைதட்டல் வேறு. திறந்த வாயை மூடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, பழக்கமில்லை அல்லவா? "ஒருத்தரோட ரெண்டாம் பக்கத்த மட்டும் நானே படிச்சுடறேன்" என்று நகலை எடுத்து, 'மறுநாளே நானாகக் கூலி ஏற்றித் தருகிறேன்' என்பதிலிருந்து 'மனிதன் இல்லையா' வரை வாசித்தேன். அதிகாரியம்மா அந்த மனுவிலிருந்த பெயரைக் கூப்பிட்டு, "உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். பட்டன் முதலாளி எழுந்து, தன் சட்டைப் பட்டனையே திருகிக்கொண்டு, "ஆமாங்க... மனுசன்தான்" என்றார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. ஒரு வருஷத்துக்கு மின் கட்டணம் ஏறாது! மறுநாள் தையல்கூடத்தின் பதினொரு பெண்களும் வேலையைத் தொடங்காமல் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். மதியத்துக்குள் எல்லோருக்கும் கூலி ஏறிவிட்டது. அம்மா வீட்டுக்கு வந்ததும் மின்விசிறியை நான்காம் எண்ணில் வைத்தார். காவலர் இப்போது பெட்டியைத் திறக்கச் சொல்வதில்லை. மெக்கானிக்கோடு பேசிக்கொண்டே வீடுவரை நடந்து வருகிறார். அதுவும் மெக்கானிக்குக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரர் என்னை இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து முன் மேசையில் உட்காரவைத்துவிட்டார்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் விளக்கும் விசிறியும் தடையின்றி ஓடட்டும். உங்கள் மீசைக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இப்படிக்கு,
வாய் திறந்த மருமகள்

பின்குறிப்பு: நேற்று இதை எழுதி முடித்தேன். இன்று காலை கடை திறந்ததும் பட்டன் முதலாளி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பாப்பா, ரகசியமா ஒரு மனு. கரண்ட் கட்டணத்த உடனே ஏத்தணும்னு எழுது" என்றார். கட்டணம் ஏறினால் கூலியைப் பழையபடி இறக்கிவிடலாமாம். 'முடியாது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. தலை தானாக ஆடிவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டேன் மாமா, முத்து முத்தாக. ஆகையால் மீசை இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொன்று, பழக்க தோஷத்தில் முதல் பக்கமாக, 'ஏறினால் தாங்க முடியாது' என்ற அந்தப் பழைய நகலையே வைத்துப் பின் அடித்துவிட்டேன். அவரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டார். தையல்கூடம் எதிர்வரிசையில்தான் இருக்கிறது. போய் அவரிடம் சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்து முயற்சி செய்கிறேன். மாலையாகிவிட்டது. இன்னும் வார்த்தை வரமாட்டேன் என்கிறது.