பிளாஸ்டிக் பொம்பர்

விமானங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு காலத்தில் எல்லோரையும் நம்பவைத்திருந்தேன். முதலில் ஏமாந்தது என் மனைவி.

கல்யாணமாகி இரண்டு மாதம். நாட்டில் சண்டைக்காலம். லண்டனில் இருந்த அண்ணன், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற மாதிரி விமானம் ஒன்றைப் பெட்டியோடு கொடுத்தனுப்பியிருந்தான். எந்த விமானம்? எங்கள் தலைக்கு மேலே வந்து குண்டு போடுகிறதே, அதே பொம்பர்! (வேறு விமானமே கிடைக்கவில்லையாம் அவனுக்கு.) மட்டக்களப்பில் அதை எடுத்துக்கொண்டு, பனிச்சங்கேணியில் இருந்த அவள் வீட்டுக்கு, அதாவது கல்யாணத்தோடு என் வீடாகிவிட்ட வீட்டுக்கு, இருவரும் பஸ் ஏறினோம்.

வழியில் சோதனைச் சாவடி. ஆமிக்காரன் பெட்டியைத் திறந்தான். இறக்கை, குண்டு, சக்கரம், இலக்கம் போட்ட வரைபடம்.

"இது என்னா?"

"விளையாட்டுச் சாமான் சேர்" என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, என் வாய் திறந்துகொண்டது. அதன் வேகம், தூக்கும் குண்டின் எடை, எல்லாவற்றையும் பாடமாக ஒப்புவித்தேன்.

"ஐயோ, வாயப் பொத்துங்க!" என்று கிள்ளினாள். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அதிகாரி வந்தார். நல்ல தமிழ். "விளையாட்டுச் சாமான் எண்டா இங்கயே ஒட்டிக் காட்டு. நாலு மணிக்குள்ள. இல்லாட்டி கேம்புக்கு."

கேம்புக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

"நான் இதுவரைக்கும் ஒண்டையும் ஒட்டினதே இல்ல, புள்ள" என்றேன் மெதுவாக.

"அப்ப பத்துப் பதினஞ்சு செஞ்சனெண்டு சொன்னீங்க?"

"அது கலியாணத்துக்கு முதல் சொன்னது."

"மறுகா பேசுவம். இப்ப ஒட்டுங்க." பசைக் குழாயை என் கையில் திணித்தாள்.

பசை விரலில் ஒட்டியது, விரல் காற்சட்டையில் ஒட்டியது, விமானம் மட்டும் ஒட்டவில்லை. நடுவில் நிஜப் பொம்பர் எங்கள் ஊர்ப் பக்கமாக இரைந்துகொண்டு போனது. குண்டு விழும் சத்தம் வாவியைத் தாண்டிக் கேட்டது. என் கையில் அதே விமானத்தின் இறக்கை. அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

நாலு மணிக்கு அதிகாரி வந்து பார்த்தார். ஓர் இறக்கை வானத்தை நோக்க, மற்றது நிலத்தை நோக்க, சக்கரம் முதுகில் இருந்தது.

"இவனால ஆருக்கும் ஒரு ஆபத்துமில்ல. போகவிடு" என்றார். சாவடியே விழுந்து விழுந்து சிரித்தது.

வீட்டில் எல்லோரும் பங்கர் குழிக்குள் பதுங்கிப் பிழைத்திருந்தார்கள். கூரைதான் இல்லை. அவள் நடந்ததைச் சொல்ல, ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே நின்று மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்தக் கதைக்கு எங்கள் குடும்பம் சிரிக்கத் தொடங்கியது அன்றுதான், இன்னும் ஓயவில்லை.

கனடாவில் இருக்கும் மகன், சேகரிப்பவர்களுக்கென்று உலோகத்தில் வரும் புதிய மாதிரி விமானங்களை இப்போது அனுப்புகிறான். ஒட்டத் தேவையில்லை. ("அப்பாட கை படாம வையுங்கம்மா!") போன மாதம், அந்தப் பொம்பரும் புதிதாக வந்திருக்கிறது, அனுப்பவா என்று போனில் கேட்டான். எனக்கு முந்தி அவள் சொன்னாள்:

"வேணாம் மகன். அது எங்கட வீட்டுக்கு ஒருக்கா வந்திட்டு."