ரெண்டு ஜிபி இடமும் வரப்புத் தென்னையும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுக் கம்ப்யூட்டர்ல ரெண்டு ஜிபி இடம் காலி பண்ணி வைக்கணும்.

வேலையைக் கொடுத்தது என் மகள் நித்யா. பன்னெண்டாவது முடிச்சிருக்கா. காலேஜ் கவுன்சிலிங்குக்கு சர்ட்டிஃபிகேட் எல்லாம் ஏத்தணும். அன்னைக்கு சாயந்திரம் அஞ்சு மணியோட கடைசி. போன்ல போட்டோ எடுத்து ஏத்தினதை, மங்கலா இருக்குன்னு ஏற்கெனவே ஒரு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. அதனால ஸ்கேன் பண்ணித்தான் ஆகணும். ஸ்கேன் பண்ணப் போனா, சி டிரைவ்ல இடமே இல்லைன்னு சிவப்புக் கோட்டைக் காட்டிட்டுக் கம்ப்யூட்டர் அப்படியே நின்னுடுச்சு.

"அப்பா, நான் ராசிபுரம் போய் ஸ்கூல்ல டிசி வாங்கிட்டு வாரேன். அதுக்குள்ள வேண்டாததை அழிச்சு ரெண்டு ஜிபி மட்டும் காலி பண்ணி வையுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. நாமகிரிப்பேட்டை நெட் சென்டர்ல ஏத்திக்கறேன்."

"ஊட்டுல கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு நெட் சென்டர் வாசல்ல போய் நிக்கறதா? நீ போய்ட்டு வா சாமி. அப்பன் பாத்துக்கறேன்."

"அப்பன் பாத்துக்கறேன்"னு நான் சொல்றப்ப எல்லாம் எங்க வீட்ல யாராவது ஒருத்தர் பெருமூச்சு விடுவாங்க. அன்னைக்கு என் மனைவி சுமதி விட்டா.

எங்க கம்ப்யூட்டரைப் பத்தி இங்க கொஞ்சம் சொல்லியாகணும்.

நானும் எங்க அண்ணனும் ஆறு வருஷம் முன்னாடி பாகம் பிரிஞ்சோம். ஒரே வீடு, நடுவுல ஒரு சுவர், முன்கூடம் மட்டும் பொது. நிலம் ஆளுக்கு மூணு ஏக்கர். கிணத்துத் தண்ணி அவருக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள். எங்க தாய்மாமன் வந்து உட்கார்ந்து ஆட்டுக்கல் வரைக்கும் எழுதி முடிச்சார். வண்டித் தடமும் குப்பைக்குழியும் பொதுன்னு விட்டார். குழியில ரெண்டு வீட்டுச் சாணியும் விழுது. அதனால ஒருத்தரைக் கேக்காம இன்னொருத்தர் எரு அள்ளக்கூடாதுன்னு எழுத்துலயே இருக்கு.

எல்லாத்தையும் பிரிச்சு முடிச்சப்புறம் முன்கூடத்துல கம்ப்யூட்டர் மட்டும் மிச்சம் நின்னுச்சு. அதை அறுத்துப் பங்கு போட முடியாதே. அண்ணன் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்துட்டார். டி டிரைவ் அண்ணனுக்கு, ஈ டிரைவ் எனக்கு, சி டிரைவ் பொது. கடைக்காரர் அதுவரைக்கும் இப்படி ஒரு வேலை பார்த்ததில்லை போல. தயங்கித் தயங்கித்தான் அடுத்ததைக் கேட்டார்.

"ரீசைக்கிள் பின் எவ்வளவு வெக்கறதுங்க? அழிக்கறது எல்லாம் அதுலதான் போய்க் கெடக்கும்."

"குப்பைக்குழி மாதிரிங்களா?"ன்னார் அண்ணன்.

"அப்படித்தான் வெச்சுக்கங்களே."

"அப்ப குழி பெருசாவே இருக்கட்டும். ஒருத்தரைக் கேக்காம ஒருத்தர் அள்ளக்கூடாது. என்றா தம்பி, சரிதானே?"

"சரிங்ணா"ன்னேன். இவ்வளவு விவரமா யோசிக்கிற அண்ணன் யாருக்குக் கிடைப்பாங்கன்னு எனக்குப் பெருமைகூட இருந்துச்சு.

அன்னைக்குக் காலையில ஒம்பதரைக்கு சி டிரைவைத் திறந்தேன்.

பொது இடம்னா நம்மாளுங்க என்ன பண்ணுவோம்னு உங்களுக்குத் தெரியும். ஆளாளுக்குக் கொண்டாந்து கொட்டியிருந்தோம். அண்ணியோட கோலம், அண்ணனுக்கு வந்த குட்மார்னிங் படம், சுமதியோட ஜாக்கெட் டிசைன். என் பங்குக்குக் குச்சிக்கிழங்குல வர்ற மாவுப்பூச்சியை எப்படி ஒழிக்கறதுன்னு ஒரு வீடியோ. அதையே ஏழு தடவை இறக்கி வெச்சிருந்தேன். ஒரு தடவைகூடப் பார்க்கல. பூச்சியும் வந்து தின்னுட்டுப் போயிடுச்சு.

இருக்கறதுலயே பெரிய ஃபோல்டர் எதுன்னு பார்த்தேன். விண்டோஸ்னு பேர் போட்டிருந்துச்சு.

"சுமதி, இங்க விண்டோஸ்னு ஒண்ணு இருவத்தஞ்சு ஜிபி புடிச்சுட்டு உக்காந்திருக்குது. உன்றதா?"

"ஏனுங்க, அது இல்லாட்டிக் கம்ப்யூட்டரே ஓடாதுன்னு நித்யா சொல்லியிருக்கறாளுங்க. அதுல கை வெச்சீங்கன்னா மத்தியானம் சோறு கெடையாது."

கை வைக்கல. என்னோடதுன்னு தெரிஞ்சதை மட்டும் ஒண்ணொண்ணா அழிச்சேன். மாவுப்பூச்சி ஏழும் போச்சு. பட்டா ஸ்கேன்ல பதினொரு காப்பி போச்சு. பன்னெண்டு மணிக்குள்ள முந்நூறு ஃபைலாவது அழிச்சிருப்பேன். விரலே வலிச்சுது. பெருமையா சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். ஒரு நூல் அளவுகூட நகரல.

கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டேன். நகரல. ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். நகரல.

"நல்லா அழுத்தி அழிச்சீங்களா?"ன்னு சுமதி கேட்டா.

"அழுத்தித்தான் அழிச்சேன்"னு சொன்னேன். இப்படி ஒரு பதிலை நான் சொன்னது நிசந்தான். மறைக்கல.

அப்பத்தான் ஒரு மூலையில அந்த ஃபைல் கண்ணுல பட்டுச்சு. காதுகுத்து வீடியோ. அம்பத்தெட்டு ஜிபி. நித்யாவுக்கும் அண்ணன் மகனுக்கும் குலசாமி கோயில்ல ஒண்ணா மொட்டை அடிச்சுக் காது குத்தினப்ப எடுத்தது. அதை மாத்தி வெச்சா இடம் ஓஹோன்னு கிடைச்சிடும். ஆனா என் ஈ டிரைவ் நிரம்பி ரெண்டு வருஷம் ஆச்சு. எல்லாம் ரேக்ளா பந்தயம். மாடு ஓடறதை ஒரு தடவை பார்த்தாப் போதும்னு எனக்குத் தோணினதே இல்லை. அண்ணனோட டி டிரைவ்ல முந்நூறு ஜிபி சும்மா தரிசாக் கெடக்கு. சொல்லாமக் கொள்ளாம அதுல வைக்கலாமா? வைக்க முடியாது. அண்ணன் நிலத்துல என் ஆடு மேஞ்சாலே மாமனுக்குப் போன் போயிடும்.

நேராச் சுவத்துக்கு அந்தப் பக்கம் போனேன்.

"ஏனுங்ணா, டி டிரைவ்ல கொஞ்சம் இடம் வேணுமுங்க. நித்யா படிப்பு விசயம்."

"நித்யாவுக்குன்னா கேக்கோணுமா? அதென்ன வீடியோ, முதல்ல பாக்கலாம் வா. அதுல யாரு பங்கு எவ்வளவுன்னு தெரியோணுமில்ல."

முன்கூடத்துல உட்கார்ந்து வீடியோவைப் போட்டோம். அண்ணி ஒரு தட்டு முறுக்கோட வந்து உட்கார்ந்தாங்க. அடுத்தது சுமதியும் வந்துட்டா. யாருக்குமே அஞ்சு மணி ஞாபகம் இல்லை.

பாகம் பிரியாத காலம் அது. பந்தியில நானும் அண்ணனும் ஒரே வாளியைத் தூக்கிட்டுச் சாம்பார் ஊத்திட்டுப் போறோம். அவர் ஊத்தறார், நான் வாளியைப் பிடிச்சிருக்கேன். ரெண்டு பேரும் எதுக்கோ சிரிக்கறோம். கையில எடுத்த முறுக்கைத் தட்டுலயே வெச்சுட்டேன். திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவரும் திரைக்கிட்டக் குனிஞ்சு பார்த்துட்டு இருந்தார். அப்புறம் மெதுவாக் கேட்டார்.

"அந்த வாளி உன்ற பங்குக்குத்தானே போச்சு?"

வீடியோவை நிறுத்தறப்ப மணி ரெண்டரை.

"எடம் தாரேன் தம்பி. ஆனா இதுல பாதிக்கு மேல உன்ற மகதான் அழுதுட்டு இருக்கறா. முழுசையும் நான் சுமக்கறதுன்னா, நீயும் ஒண்ணு விட்டுக்குடுக்கோணும்."

"எதைங்ணா?"

"வடக்கு வரப்புத் தென்னை."

எனக்குப் பகீர்னுச்சு. அந்த மரத்தை மட்டும் பாகத்துல யார் பேருக்கும் எழுதாம விட்டுட்டார் மாமன். காய் எந்தப் பக்கம் விழுதோ அவங்க எடுத்துக்கறதுன்னு ஆறு வருஷமா ஓடிட்டு இருக்கு. மரம் என் பக்கம்தான் சாஞ்சிருக்கு. அதனால அந்தப் பேச்சை நான் எடுத்ததே இல்லை.

"ஒரு வீடியோவுக்கு ஒரு மரங்களா?"

"நித்யா படிப்புன்னு நீதானே சொன்னே."

மடக்கிட்டார். மணி ரெண்டே முக்கால் ஆகியிருந்துச்சு. நெட் சென்டருக்கு ஓடலாம், ஆனா காலையில விட்ட சவடாலுக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது? காலண்டர் தாள் பின்னாடி எழுதினோம். வடக்கு வரப்புத் தென்னை அண்ணனுக்கு, அதுக்கு ஈடா டி டிரைவ்ல அம்பத்தெட்டு ஜிபி எனக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அண்ணி சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்க. சுமதி போட மாட்டேன்னு சமையக்கட்டுக்குள்ள போயிட்டா.

மூணே காலுக்கு வீடியோவை டி டிரைவுக்கு மாத்த ஆரம்பிச்சேன். இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்னு காட்டுச்சு. நம்ம கம்ப்யூட்டர் வயசுக்கு அது பாவம் என்ன பண்ணும்? கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா ரெண்டரை மணி நேரம்னு காட்டுது. கோலை வெச்சுத் தள்ளவா முடியும்? நானும் அண்ணனும் ரெண்டு நாற்காலியைப் போட்டு அது முன்னாடி காவலுக்கு உட்கார்ந்தோம்.

நாலு மணிக்கு நித்யா வந்தா.

"ரெண்டு ஜிபி காலி ஆச்சுங்களாப்பா?"

"ஆயிட்டே இருக்குது சாமி. அஞ்சே முக்காலுக்கு ஆயிரும்."

"அஞ்சு மணிக்கு மூடிருவாங்கப்பா."

இதைச் சத்தமா சொல்லியிருந்தாக்கூடத் தேவலாம். மெதுவாச் சொன்னா. கையில டிசி, வெயில்ல கருத்த முகம், கண்ணுல தண்ணி முட்டிட்டு நிக்குது. பன்னெண்டு வருஷம் படிச்ச பொண்ணு படிப்பை, ஒரு வெட்டி வீராப்புல கெடுத்துட்டு உட்கார்ந்திருக்கோமேன்னு என்மேலயே வெறுப்பா வந்துச்சு.

அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்னை எந்திரிக்கச் சொன்னா. மாத்தறதை நிறுத்தினா. மவுஸை எடுத்து எதையோ அமுக்கினா. அப்புறம் எங்க பக்கம் திரும்பினா.

"அப்பா, ரீசைக்கிள் பின்ல நாப்பத்தியொரு ஜிபி இருக்குது. இதை ஏன் யாரும் காலி பண்ணல?"

"அதுல கை வெக்காத." நானும் அண்ணனும் ஒரே நேரத்துல சொன்னோம். அன்னைக்கு முழுக்க நாங்க பேரம் பேசாம ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"அது பொதுக்குழி சாமி. ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தான் அள்ளோணும்"னு அண்ணன் விளக்கம் சொன்னார்.

"ஆறு வருசமா ரெண்டு பேரும் அழிச்சது எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்குது. இது சி டிரைவ்லயேதான் இருக்குது. காலையில இருந்து எங்கப்பா என்ன பண்ணியிருக்கறாருன்னா, தடத்துல கெடந்த மண்ணை அள்ளி, அதே தடத்துல அக்கட்டாலத் தள்ளிப் போட்டிருக்கறாரு."

எனக்கு முந்நூறு ஃபைலும் ஒரு விரலும் ஞாபகம் வந்துச்சு.

"இப்ப ரெண்டு பேரும் இங்கதானே நிக்கறீங்க. சம்மதமா இல்லையா?"

"சம்மதம்"ன்னேன்.

அண்ணன் மோவாயைத் தடவினார். "உள்ள என்னென்ன கெடக்குதுன்னு ஒருக்காப் பாத்துட்டு..."

"பெரியப்பா, எனக்கு சீட்டு வேணுமா, உங்களுக்குப் பழைய குட்மார்னிங் வேணுமா?"

அண்ணன் வாயைத் திறக்கறதுக்குள்ள அண்ணி குறுக்க வந்தாங்க. "நீ அள்ளு கண்ணு. அவுரு கெடக்கறாரு."

ஒரே அமுக்கு. கொஞ்ச நேரத்துல சிவப்புக் கோடு நீலமாச்சு. காலையில இருந்து நான் கும்பிட்ட கோடு, அவளுக்கு மறுபேச்சுப் பேசாம நகர்ந்துச்சு. ஸ்கேனரும் மரியாதையா வேலை செஞ்சுது. நாலு முப்பத்தஞ்சுக்கு எல்லா சர்ட்டிஃபிகேட்டும் ஏறிடுச்சு. ஏத்துக்கிட்டோம்னு மெசேஜும் வந்துச்சு. அண்ணி எல்லாருக்கும் காப்பி கொண்டாந்தாங்க. சுமதி சமையக்கட்டை விட்டு வெளிய வந்தா.

நான் காப்பியை ஆத்திக்கிட்டே மெதுவா ஆரம்பிச்சேன்.

"ஏனுங்ணா, வீடியோவை மாத்தவே இல்லீங்களே. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுறலாங்களா?"

"ஏன் கிழிக்கோணும்? நான் எடம் குடுத்தேன். நீ வந்து குடியேறல. அது என்ற தப்பா?"

சொல்லிட்டு நித்யா பக்கம் திரும்பினார். "சாமி, அப்படியே இந்தத் தாளையும் ஒண்ணு ஸ்கேன் பண்ணிப் போட்டுரு. பொதுவுல இருக்கட்டும்."

நாப்பத்தியொரு ஜிபி காலியான சி டிரைவ்ல, சர்ட்டிஃபிகேட்டுக்கு அடுத்தபடியா ஏறினது என் மரம்.

அதுக்கப்புறம் எங்க வீட்ல கடலைச் சட்னிதான். அண்ணிக்கு நல்ல மனசு. "ஏனுங்க தம்பி, காய் வேணும்னா கேளுங்க"ன்னு சுவத்துக்கு மேல எட்டிப் பார்த்துச் சொல்வாங்க. சுமதி கேக்க மாட்டா. ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் பார்ப்பா.

இதுக்கு நடுவுல ஒரு நல்லது நடந்துச்சு. அந்தக் காலண்டர் தாளை அண்ணி தெரியாம பஜ்ஜி எண்ணெய் வடிய வைக்க எடுத்துட்டாங்க. எழுத்து மொத்தமும் ஊறிப்போச்சு. "போனாப் போகுது, அதான் கம்ப்யூட்டர்ல இருக்குதில்ல"ன்னு அண்ணன் விட்டுட்டார்.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. எழுத்துல மிஞ்சியிருக்கற ஒரே சாட்சி அந்த ஸ்கேன்தான்.

போன வாரம் அண்ணன் குடும்பத்தோட குமாரபாளையத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். பஸ் கிளம்பற வரைக்கும் நின்னு பார்த்துட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்த ஸ்கேனைத் தேடிப் பிடிச்சு, நல்லா அழுத்தி அழிச்சேன்.

ராத்திரி திரும்பி வந்த அண்ணன் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில பார்க்கறேன், அது மறுபடியும் பழைய இடத்துலயே இருக்கு.

ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ண மறந்துட்டேன்.