விசில் அடிக்கிற வரைக்கும்

காட்டுமன்னார்கோயில் அரிசி மில்லை விட்டு நடக்க ஆரம்பித்து லால்பேட்டையைத் தாண்டும்போதே, இனி எந்த மில்லுக்கும் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். (முடிவு செய்வதில் எனக்குப் பழக்கம் ஜாஸ்தி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடிவு செய்தவன்.) டவுன் பஸ்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. கையில் காசில்லாததால் அவற்றின் அழகை ரசித்தபடியே நடந்தேன்.

சிதம்பரத்தில் அக்கா சோறு போட்டாள். அக்கா வீட்டுக்காரர் கடலூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து, "மச்சான், இந்தத் தடவ எத்தினி நாளு தங்குறாப்ல?" என்றார் மாமா.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மனுஷன் சும்மா இருந்தால் அவன் மனசு என்ன ஆகிறது என்று கண்டுபிடிக்க ஒரு குழு சிதம்பரத்துக்கு வந்து, சோதனைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. (மரத்தடியில் படுத்தே வளர்ந்தவன் நான். அதற்குள் ஒரு ஆராய்ச்சி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.) குழுவுக்குத் தலைவி நிர்மலா மேடம். சோதனை முடிந்த பிறகு கூடமாட இருக்க ஒரு உதவியாளும் வேண்டும், சாப்பாடும் தங்க இடமும் உண்டு, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவராக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் அந்த வேலை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்ப மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டார். சாப்பிட்ட பிறகு கேட்டால் சரியாகச் சொல்வேன் என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

கிள்ளைக்குப் பக்கத்தில், அலையாத்திக் காட்டுக்குள் ஆளுக்கொரு சின்னப் படகில் தனித்தனியாக விட்டார்கள். போனை வாங்கிக்கொண்டு, நாடித் துடிப்பைக் குறிக்கும் பட்டையை மணிக்கட்டில் கட்டினார்கள். "யார் வந்து என்ன கேட்டாலும் பேசக் கூடாது. விசில் அடிச்ச பிறகுதான் பேசணும்" என்றார் மேடம். படகோட்டி என் படகை ஒரு மரத்து வேரில் கட்டிவிட்டுப் போனார்.

தண்ணீர் அசையவில்லை. வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி, அங்கே இன்னொரு காடாகத் தலைகீழாக வளர்ந்துகொண்டிருந்தன. எந்தக் காட்டில் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் குழம்பிவிட்டது. ஒரு கொக்கு என்னைப் பார்த்தது; வேலை கேட்காத ஆள் என்று தெரிந்து திரும்பிக்கொண்டது. இலைகளுக்குள்ளிருந்து பச்சையாக ஒரு வெளிச்சம் இறங்கி முகத்தைத் தடவியது. நிழல் நகர்ந்தது. நானும் நகரலாமே என்று கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் படுத்தேன்.

விழித்தபோது மரங்கள் வேறு. கொக்கும் வேறு. கடல் ஓதம் ஏறித் தண்ணீர் உயர்ந்து, படகு எங்கோ ஒரு குறுகலான வாய்க்காலில் வேர்களுக்குள் செருகி நின்றது. வெயில் மஞ்சளாகியிருந்தது. ஆனால் விசில் கேட்கவில்லையே? (தூக்கத்தில் அது எப்படிக் கேட்கும் என்று யோசிக்கிற அளவுக்குப் படிக்கவில்லை.) பேசாமல் கிடந்தேன்.

தூரத்தில் படகோட்டி, "ஏழுமல... ஓய் ஏழுமல" என்று என்னைக் கூப்பிட்டார். சோதிக்கிறார்கள் என்று புரிந்தது. வாயை இறுக்கிக்கொண்டேன். மேடம் கூப்பிட்டார். உதவியாள் வேலை கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு, "தம்பீ..." என்று அக்காவின் அழுகை. அவசரத்துக்கு என்று நான் கொடுத்திருந்த நம்பர் மாமாவுடையது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு சோதனைக்காக அக்காவையே வரவழைத்து, அழவும் பழக்கியிருக்கிறார்களே, ஆராய்ச்சி என்றால் இதுவல்லவா என்று மெய்சிலிர்த்துக் கிடந்தேன்.

அப்போதுதான் வேர்களுக்கு அந்தப்பக்கம், மிக அருகில், மாமாவின் குரல் உடைந்து கேட்டது.

"நாந்தான் மேடம் கண்டபடி பேசிட்டேன். தங்கமான பையன் அவன்."

என் மாமா என்னைத் தங்கம் என்று சொல்ல எந்த ஆராய்ச்சிக்காரராலும் பழக்க முடியாது. நான் செத்துத்தான் போயிருக்க வேண்டும்.

"மாமா, இங்கதான் இருக்கேன்" என்று அலறினேன். "விசில் அடிச்சிட்டாங்களா?"

வேர்களை விலக்கிக்கொண்டு அவர்கள் படகு உள்ளே வந்தது. பிறகு மாமா தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கொடுத்த பெயர்களை இங்கே எழுத முடியாது. அக்கா அழுதுகொண்டே முதுகில் ஒன்று வைத்தாள்.

கரைக்கு வந்ததும் மேடம் பட்டையைக் கழற்றிக் கணிப்பொறியில் பார்த்தார். கூப்பாட்டுக்கெல்லாம் அசையாமல் அமைதியாகப் போன கோடு, மாமா என்னைப் புகழ்ந்த இடத்தில் மட்டும் செங்குத்தாக ஏறியிருந்தது. உதவியாள் வேலையைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். "சொன்னத இவ்ளோ அப்படியே செய்யுற ஆள வச்சிக்கிட்டா எங்க மனசு என்ன ஆகுறது?" என்றார். நியாயம்தான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு யாராவது பதில் சொல்லாவிட்டால், "இன்னும் விசில் அடிக்கலியா?" என்று அக்கா பிள்ளைகள் கேட்கும். விருந்தாளிகள் முன்னால் இன்னும் சத்தமாகக் கேட்கும்.

காட்டிலிருந்து வந்த மறுநாள் விடிந்ததும் மாமா என்னைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனார். "வாயத் தொறக்குற வேலயா பாத்துருக்கேன். ஒழுங்கா செய்" என்று சொல்லி பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்தினார். "முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், கடலூர்" என்று ஆள் சேர்க்கிற வேலை. மூச்சு இழுத்துக் கூப்பிட்டேன். ஒருவரும் திரும்பவில்லை. இவர்களிடமும் எந்த மேடமாவது பேசக் கூடாது என்று சொல்லியிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.