கோரிக்கையும் கலந்துரையாடலும்

உடையார்பாளையத்துக்கு வெளியே முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனி வைத்திருந்த சிவசுப்பிரமணியன், திருச்சியில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த நிர்வாகப் பயிற்சிக்குப் போய்விட்டு வேறு மனிதராகத் திரும்பினார். முதலாளி தாராளமாக இருந்து, மனம்விட்டுப் பேசினால், தொழிலாளர்கள் தாமாகவே ஒன்றுபட்டு உழைப்பார்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

தாராளம் மறுநாளே வந்தது. கொட்டை உடைக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம், முதலாளி படம் போட்டது. மலர்க்கொடி அதை உள்ளங்கையில் படாமல் விரல் நுனியால் வாங்கிக்கொண்டாள். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் உரிந்திருந்தது. அவர்கள் போன வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது கையுறை.

அடுத்தது மனம்விட்டுப் பேசுதல். கொட்டகையில் மைக்செட் கட்டினார்கள். காலையில் முதலாளி ஆரம்பித்தால் டீ வரும்வரை பேசினார். முன்பெல்லாம் கை எரியுது என்று ஒருத்தி சொன்னால், பக்கத்திலிருப்பவள் அவள் கூடையிலிருந்து கொஞ்சம் அள்ளி உடைத்துக் கொடுப்பாள். இப்போது யார் சொல்வதும் யார் காதிலும் விழவில்லை. பருப்பு குறைந்தது. ஒத்துழைப்பு போதவில்லை என்று முதலாளி பேச்சைச் சாயங்காலத்துக்கும் நீட்டித்தார்.

ஒருநாள், மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று அவரே மைக்கை நீட்டினார். மலர்க்கொடி எழுந்தாள்.

"கையுறை வேணுங்க மொதலாளி. கை வெந்து போவுது, சோறு பெசஞ்சு திங்க முடியல."

அவர் வருத்தத்தோடு மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இது கோரிக்கை, மலர்க்கொடி. நாம இப்ப பண்றது கலந்துரையாடல்."

மறுநாள் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே மொத்தமாக உட்கார்ந்துவிட்டார்கள். வேலை போய்விடுமோ என்று மலர்க்கொடி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைக்கும் அமிர்தவல்லி தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்ததுதான் தெம்பு.

முதலாளி வந்து பார்த்தார். ஒருத்திகூடக் குறையவில்லை. ஒரே இடம், ஒரே எண்ணம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே செல்போனில் திருச்சிக்குப் பேசினார். பயிற்சியாளர் போட்டோகிராபரோடு காரில் வந்து இறங்கினார். தம் அனுபவத்தில் இப்படியொரு குழு உணர்வைக் கண்டதில்லை என்றும், இந்தப் படத்தைப் பயிற்சி மண்டபத்திலேயே மாட்டப்போவதாகவும் சொன்னார்.

மலர்க்கொடி கையுறைப் பேச்சை எடுத்தாள்.

"மொதல்ல போட்டோ எடுத்துக்குவோம்மா," என்றார் பயிற்சியாளர் கனிவாக.

பெண்கள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு பிரதி இலவசம் என்று முதலாளி அறிவித்தார். அந்தச் சந்தோஷத்தில் அப்படியே உள்ளே போய் வேலையைப் பார்த்தார்கள்.

படம் வந்ததும், வீட்டுச் சுவரில் மாட்டுமுன் மலர்க்கொடி உற்றுப் பார்த்தாள். எல்லோரும் சிரித்த முகமாக, அழகாக விழுந்திருந்தார்கள். ஒருத்தியின் கையும் தெரியவில்லை. போட்டோவில் அசிங்கமாகத் தெரியும், கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னவள் அவள்தான்.