பவுனு அசைபோட்டாக வேண்டும்

"மெல்லுய்யா! வாயை மூடிக்கினு இன்னா பண்ற? பவுனு அசைபோட்டு நாப்பது நிமிஷம் ஆச்சாம்." இந்திராணி போனை நீட்டினாள்.

சண்முகம் இன்னொரு வெற்றிலையை வாய்க்குள் திணித்தான். கழுத்தில் மாட்டுப் பட்டை. அதை மறைக்க ஒரு துண்டு. தாடை விண்விண் என்று வலித்தது.

அவர்கள் வீட்டுப் பசு பவுனு செத்து நான்கு நாள் ஆகிறது. நாகலாபுரம் பக்கம் அந்த மாதம் மாடுகளுக்கு அம்மை. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, உப்பைக் கொட்டிப் புதைத்தார்கள். வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. அக்கம்பக்கத்துக்குக் கேட்டால் பால் கம்பெனிக்கும் கேட்டுவிடும்.

கம்பெனி ஒவ்வொரு மாட்டுக்கும் சிப் வைத்த பட்டை கட்டியிருந்தது. நடப்பது, படுப்பது, அசைபோடுவது எல்லாம் அதில் பதிவாகும். சென்னையில் பால் பாக்கெட் வாங்குகிறவர், அதில் அச்சடித்த கியூ.ஆர். கட்டத்தைப் போனுக்குக் காட்டினால் எந்த மாட்டுப் பால், அது சுகமாக இருக்கிறதா என்று தெரியுமாம். பட்டை ஒரு நாள் ஓய்ந்தால் கம்பெனிக் கணக்கிலிருந்து மாட்டின் பெயர் போய்விடும். கூடவே பால் ஊற்றுகிற நம்பரும் போகும். நம்பர் போனால் சண்முகம் மறுபடியும் ஸ்ரீபெரும்புதூருக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டியதுதான். முன்பு ஆறு வருஷம் அங்கே கிடந்தான். மகள் முதல் அடி எடுத்து வைத்ததைப் போனில்தான் பார்த்தான்.

அதனால் ஊத்துக்கோட்டையிலிருந்து இந்திராணியின் அக்கா வீட்டுப் பால் வந்தது; பவுனு பெயரில் ஊற்றப்பட்டது. பட்டையைச் சண்முகம் மாட்டிக்கொண்டான்.

போன் மறுபடி கூவியது.

"அசைபோடறது சரியாப் பூடுச்சு. ஆனா நடக்கவே இல்லயாம்."

சண்முகம் ஏரிக்கரைக்கு நடந்தான். திரும்பி வந்தான். போதாதோ என்ற பயத்தில் இன்னும் மூன்று முறை போய் வந்தான். வாசலிலேயே இந்திராணி முகம் வெளுத்து நின்றாள்.

"இன்னாடி?"

"நெலகொள்ளாம சுத்திக்கினு கீறாளாம். பருவத்துக்கு வந்துட்டாளாம். சினை ஊசி போட ஆள் அனுப்பிட்டாங்க."

"யாருக்கு?"

"பட்டை யாரு கழுத்துல கீது?"

சண்முகம் மாட்டுக்கொட்டகைக்கு ஓடி வைக்கோல் மேல் அசையாமல் படுத்தான். அரை மணி கழித்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப சீக்காளின்னு வந்துகீது. ஊசிக்காரரையே உடம்பையும் பாத்து எழுதச் சொல்லிட்டாங்க."

"நான் உசுரோட இருக்கறதே தப்பாப் போச்சா?"

வெளியே வண்டிச் சத்தம். ஊசி போடும் யஸ்வந்த் பெட்டியோடு உள்ளே வந்தான்.

"ஏமக்கா, ஆவு எக்கட?" பசு எங்கே என்று தெலுங்கில் கேட்டான்.

"மேயப் போய்க்கீது, தம்பி."

"பட்டை கொட்டாயிலதான் இருக்குன்னு காட்டுதேக்கா."

அவன் கையிலிருந்த கருவியை அழுத்தினான். வைக்கோலுக்குள்ளிருந்து 'கீங் கீங்' என்று பதில் வந்தது. உடம்பெல்லாம் துரும்போடு சண்முகம் எழுந்து நின்றான். கழுத்தில் பட்டை இன்னும் கூவிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஊசி வாணாம், தம்பி," என்றான்.

யஸ்வந்த் சிரிக்கவில்லை. சண்முகம் பட்டையைக் கழற்றி அவன் கையில் வைத்தான்.

"பவுனு செத்துட்டா."

நான்கு நாளாக யாரிடமும் சொல்லாத சொல். அது வெளியே வந்ததும் இந்திராணி தரையில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி அழுதாள். சண்முகம் யஸ்வந்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொரு மாடு புடிக்கிற வரைக்கும்தான் தம்பி. நம்பரை எடுத்துடாத. மறுபடியும் என்னால போவ முடியாது."

யஸ்வந்த் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டையைத் திரும்பச் சண்முகத்தின் கழுத்திலேயே மாட்டிவிட்டான்.

"இன்னிக்கு நீ ஏழாவது ஆளுண்ணா. இந்த ஊர்ல நெஜமாவே மாட்டுக் கழுத்துல இருந்த பட்டை ஒண்ணே ஒண்ணுதான்; மத்த மாடுங்க மாதிரி இல்லன்னு சொல்லி அதோட நம்பரைத்தான் கம்பெனில காலையில எடுத்துட்டாங்க."