பூக்கொடி போட்ட கைச்சங்கிலி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். என் தலையில் ஒரு கட்டு இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்காதே. அங்கே நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய பொட்டலம் இன்று காலையில் வந்தது. உள்ளே இருந்த எஃகுத் தகட்டை, கடைத்தெருவுக்குக் கிளம்பிய அவசரத்தில் அத்தானே என் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். இனி அதைக் கழற்ற மாட்டேன். "தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியாக்கா" என்று தொலைபேசியில் நீ கத்தியபோது தையல் போட்ட இடம் வலித்தது, போனை அத்தானிடம் கொடுத்துவிட்டேன். இப்போது வலி குறைந்துவிட்டது, அதனால் என் பக்கத்து நியாயத்தையும் கேள்.

இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க நான் மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கேயாவது பேச்சுமூச்சில்லாமல் விழுந்தால் அது வைத்தியம் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும், தெரியாமல் கண்ட ஊசியைப் போட்டால் உயிருக்கே உலை, அதனால் விவரம் பொறித்த எஃகுத் தகடு ஒன்றைக் கையில் மாட்டிக்கொள் என்றாய். நான் மாட்டேன் என்றா சொன்னேன்? அழகாக இருக்கட்டும் என்றேன், அவ்வளவுதானே. தையல் கடைக்காரி நான், என் கையை நம்பித்தான் துணி தருகிறார்கள். அந்தக் கையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும் அட்டை மாதிரி ஒன்று தொங்கினால், "பாவம், இந்த அம்மாவுக்கு முடியலை" என்று துணியை மடித்து எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அந்தப் "பாவம்" எனக்கு ஆகாது. சாவைவிட அதற்குத்தான் பயந்தேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

முதலில் கழுத்துச் சங்கிலியும் பதக்கமும் வாங்கினேன். முன்பக்கம் முத்து, பின்பக்கம் வியாதி. போட்டுக்கொண்ட அன்றைக்கே, குனிந்து நூல் கோக்கும்போது சங்கிலி போய் மெஷின் சக்கரத்தில் மாட்ட, நான் பழக்கதோஷத்தில் காலால் மிதிக்க, சக்கரம் சுற்ற, சங்கிலி இழுக்க, என் தாடை மெஷின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது, ஊசிக்கும் மூக்குக்கும் இடையில் ஒரு பொத்தான் நுழையும் இடம்தான். அந்த நேரம் பார்த்து மகளுக்குச் சீருடை தைக்கக் கொடுத்திருந்த ஒருத்தி உள்ளே வந்து, எவ்வளவு உன்னிப்பாகத் தைக்கிறீர்கள் என்று பாராட்டுகிறாள். வாயைத் திறக்க முடியாமல் "ம்" என்றேன். அவள் போனபிறகு உன் அத்தான் வந்து துணி வெட்டும் கத்தரியால் சங்கிலியை வெட்டி என்னை மீட்டார். சங்கிலியும் போச்சு, கத்தரியும் மொண்ணை. அடுத்து மோதிரம், அது அத்தானின் யோசனை. அதில் எழுத்தைப் பொறித்தால் எள்ளில் பாதி இருக்கும், படித்து முடிப்பதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடும் என்று நகைக்கடைக்காரரே கையை விரித்துவிட்டார்.

பிறகுதான் பழைய வளையலை உருக்கித் தங்கத்தில் கைச்சங்கிலி செய்யக் கொடுத்தேன். நடுவில் ஒரு பட்டை, அதைச் சுற்றிப் பூக்கொடி, கொடியின் இலைகளுக்கு நடுவே விவரம். எழுத்தைப் பெரிதாக வெட்டட்டுமா என்று நகை செய்கிறவர் கேட்டார். "தெரியணும். ஆனா தெரியக் கூடாது" என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். மனுஷன் சொன்னபடியே செய்துகொடுத்தார். அளவு எடுக்கும்போதெல்லாம் வாடிக்கைக்காரர்கள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள், எங்கே செய்தது, எத்தனை பவுன், வீட்டுக்காரர் பேரா பொறித்திருக்கிறது என்று கேட்டார்கள். படித்தவர் ஒருவரும் இல்லை. எனக்கா, தலைகால் புரியவில்லை.

போன வாரம் பொத்தான் வாங்க மொத்தக்கடைக்குப் போனோம், நானும் மாடிவீட்டுக்காரியும். காலையில் சாப்பிடாமல் போனது என் கொழுப்பு. வரிசையில் நின்றவள் அப்படியே சாய்ந்து, கல்லா மேசை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டு விழுந்திருக்கிறேன். இனி வருவதெல்லாம் மாடிவீட்டுக்காரி பிறகு சொன்னது. கூட்டம் கூடியது, யாரோ தண்ணீர் தெளித்தார்கள், யாரோ ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? மயங்கிக் கிடக்கிறவள் உடம்பில் தங்கம் இருந்தால் கூட்டத்தில் எவனாவது உருவிவிடுவான் என்று, தோடு, மூக்குத்தி, கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். நல்ல மனசு, யார் இல்லை என்றார்கள்? ஆம்புலன்சில் வந்தவர் என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், கழுத்தைப் பார்த்தாராம், மொட்டை. இந்த அம்மா ஏதாவது மருந்து சாப்பிடுகிறார்களா என்று கேட்டாராம். ஒன்றும் கிடையாது, கல்லுக்குண்டு மாதிரி இருப்பார்கள் என்று இவள் அடித்துச் சொல்லியிருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, ஆபரேஷனைக்கூட ஊருக்குப் போய் வந்ததாகச் சொல்லித்தான் நான் சமாளித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் வலிக்குப் போட மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டார்கள். மாடிவீட்டுக்காரிக்கு அப்போதும் நகைக் கவலை. பின்னால் பேச்சு வரக்கூடாது, நீங்களும் ஒரு சாட்சி என்று நர்ஸ் முன்னால் கைக்குட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியிருக்கிறாள். நர்ஸ் கைச்சங்கிலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், இலைக்கு இலை படித்தாள், ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். திரும்பி வந்து மாடிவீட்டுக்காரியிடம் சொன்னாளாம்.

"இது நகை இல்லம்மா. இதைக் கையிலேயே விட்டிருக்கணும்."

"தங்கத்தை எப்படிங்க கையிலேயே விடறது?"

தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ரத்தக்கசிவு இல்லை, வெளியே மட்டும் தையல். தைக்கிறவளுக்கே தையல் என்று டாக்டர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கண் விழித்ததும் மாடிவீட்டுக்காரி ஓவென்று அழுதாள். "தினமும் ஒண்ணா டீ குடிக்கிறோம். என்கிட்ட சொல்ல உங்களுக்கு என்ன?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது தம்பி. இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன். ஒருவரும் எதிர்க்கடைக்குப் போகவில்லை, அவரவர் வியாதியை என்னிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள், தைக்கத்தான் நேரமில்லை.

ஆகவே நீ சொன்னதே சரி. எஃகை எவனும் கழற்ற மாட்டான். என்னைப் போல மூடிமறைக்காமல், எதையும் வெளிப்படையாகப் பேசுகிற தம்பி வாய்த்தது என் பாக்கியம். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உன் வீட்டு மருந்துப்பெட்டியில் தூசி படியட்டும், நீ நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா

பின்குறிப்பு: விழுந்ததில் உடைந்த என் மூக்குக்கண்ணாடியை அத்தான் இப்போதுதான் சரிசெய்து கொண்டுவந்தார். இதுவரை குத்துமதிப்பாகத்தான் எழுதினேன். போட்டுக்கொண்டு முதல் வேலையாகத் தகட்டைப் படித்தேன். முதல் வரியில் உன் பெயர். அதற்குக் கீழே, சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்பவர். டேய், இது எத்தனை நாளாக? இரண்டு தகடு செய்யச் சொல்லி மாற்றிப் பொட்டலம் கட்டியிருக்கிறாய். என்னுடையதை நீ படித்துக்கூடப் பார்க்காமல் முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாய், அப்படித்தானே? மேலே எழுதிய பாராட்டையெல்லாம் அடித்துவிட்டுப் படி, ஆசீர்வாதம் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். தொலைபேசியில் கேட்டால் மழுப்புவாய், அதனால் தையல் பிரித்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். அதுவரைக்கும் எங்கேயும் மயங்கி விழுந்து தொலைக்காதே, எனக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். கடைசி வரியையும் படித்தேன். ஆபத்து என்றால் கூப்பிட என் நம்பரைப் போட்டிருக்கிறாய். அதைப் போடத் தெரிந்த உனக்கு, ஒரு தடவை அந்த நம்பரைக் கூப்பிட்டுச் சொல்லத் தெரியவில்லையாடா?